ஏலக்காரரின் குரல் இருக்கும் டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள்

அனுப்புநர்:
உரிமையாளர்,
குரல் பதிவு நிலையம்,
தையல் கடைக்கு மேல் மாடி, பேருந்து நிலையச் சாலை.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
குறைதீர் அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: எங்கள் சர்வரைப் பராமரிக்கும் நிறுவனம் எடுத்துச் சென்ற பேக்கப் டிஸ்க், வரும் திங்கட்கிழமை அழிக்கப்படவிருப்பதைத் தடுத்து, அதை எங்களிடம் ஒப்படைக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அறுவைச் சிகிச்சையில் குரல்வளையை இழக்கப் போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிவுசெய்து வைப்பது என் தொழில். சிகிச்சை முடிந்து உடம்பு தேறியபின், அவர்கள் தட்டச்சு செய்வதை அவர்கள் குரலிலேயே பேசும் கருவியை அந்தப் பதிவுகளைக் கொண்டு தயாரித்துத் தருகிறேன். போன குரலை மறுபடி வரவழைத்துப் பதிவுசெய்ய முடியாது என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்துக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

2. பதிவுகள் எங்கள் சர்வரில் இருக்கும். இங்கே எது மாறினாலும், வேறு கட்டிடத்தில் இருக்கும் இரண்டாவது சர்வரும் அந்த நிமிடமே அப்படியே மாறிக்கொள்ளும். இது போக, தினமும் இரவு ஒரு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கப்படும். இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. “நீங்க நிம்மதியா தூங்குங்க மேடம்” என்று அதன் மேலாளர் சொன்னார். நானும் தூங்கித் தொலைத்தேன்.

3. சென்ற வாரம் அவர்களுடைய சர்வீஸ்காரர் வந்தார். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘பச்சை டிக்’ என்று பெயர். திரையில் பச்சை டிக் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர் கொள்கை. அதற்கு மேல் எட்டிப் பார்க்க மாட்டார். பேக்கப் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வேறொன்றை மாட்டி, “புதுசு மேடம்” என்றார். பிறகு, ஆண்டுக்கொருமுறை செய்யவேண்டிய மீட்புச் சோதனையையும் கையோடு முடித்துவிடுவதாகச் சொன்னார். பேக்கப்பில் இருப்பதைத் தனியாக ஒரு கணினியில் இறக்கி, சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அந்தத் தனிக் கணினியைக் காரிலிருந்து மாடிக்குத் தூக்கி வர அவருக்குச் சோம்பல். அப்போது மாட்டிய டிஸ்க்கில் இருந்ததை, ஓடிக்கொண்டிருந்த எங்கள் சர்வரிலேயே இறக்கிவிட்டார்.

4. அவர் மாட்டியது புது டிஸ்க்கும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடமிருந்தே கழற்றிச் சென்ற பழையது. அதிலிருந்ததை அழிக்காமலே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் சர்வர் இரண்டு ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. அதன்பின் எடுத்த பதிவுகள் அத்தனையும் காலி. இரண்டாவது சர்வரும் தன் கடமை தவறாமல் அந்த நிமிடமே காலியானது. திரையில் பச்சை டிக் வந்தது. சர்வீஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

5. பையில் போட்டுக் கொண்டுபோன டிஸ்க்கில் எல்லாப் பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன. அதைத் திருப்பிக் கேட்டதற்கு மேலாளர், “ரெக்கவரி சக்ஸஸ்னுதானே ரிப்போர்ட் வந்திருக்கு? அப்புறம் என்ன பிரச்சினைங்கறீங்க?” என்றார். கழற்றிய டிஸ்க் அவர்கள் சொத்தாம். திங்கட்கிழமை அழித்து வேறு வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்களாம். தவறு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். “எங்க கம்பெனி ரூல் ரொம்ப ஸ்ட்ரிக்ட் மேடம்” என்று பெருமை வேறு. அழிக்கவேண்டியதை அழிக்காமல் என் தலையில் கட்டியவர்கள், அழிக்கக் கூடாததை அழிப்பதில் மட்டும் விதி பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. அதை மறைத்து மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

6. மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கருவி கொடுத்தாகிவிட்டது. அவர்கள் குரல் அவர்கள் கையில் இருக்கிறது. கொடுக்கவேண்டியது ஒருவருக்கு மட்டும்தான். அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். கடைசித் தெருவில் நிற்பவருக்கும் கேட்கும் குரல். என் பதிவு அறையின் கண்ணாடி அதிரும். நான் கொடுத்த வாக்கியங்களை அவர் ஒழுங்காகப் படித்ததே இல்லை. “இன்று வானம் தெளிவாக இருக்கிறது” என்று கொடுத்தால், “வானம் தெளிவா இருக்கு, ஒரு தரம்!” என்று ஏலம் விட்டுவிடுவார். இடையிடையே மச்சானைத் திட்டுவார். அதையெல்லாம் வெட்டவேண்டாம் என்று அவர் மனைவிதான் கேட்டுக்கொண்டார். “அந்த மனுஷன் குரல்ல திட்டு வாங்கினாக்கூடப் போதும்ங்க. மெஷின் வேற யாரோ ஆம்பிளை குரல்ல என்னைக் கூப்பிட்டா நான் எப்படித் திரும்பிப் பார்ப்பேன்?” என்றார். சிகிச்சை முடிந்துவிட்டது. அவர் உயிரோடு, நலமாக இருக்கிறார். குரல் மட்டும் அந்த நிறுவனத்தின் அலமாரியில் இருக்கிறது.

7. நேற்று அவரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் என் மனுவைத் தொடக்கூட இல்லை. பாதிக்கப்பட்டவரே தம் வாயால் குறையைச் சொல்லவேண்டுமாம். கழுத்தில் கட்டுடன் நின்றவரைப் பார்த்து, “வாயைத் தொறந்து சொல்லுங்க சார், ஊமையா நின்னா எப்படி?” என்று அதட்டினார். மனைவி பதில் சொல்ல வந்தபோது, “உங்களைக் கேக்கல” என்றார். சந்தையையே கட்டி மேய்த்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

ஆகவே, திங்கட்கிழமைக்குள் தங்கள் அலுவலர் ஒருவரை நேரில் அனுப்பி, அந்த டிஸ்க்கைக் கைப்பற்றி, பழுதில்லாமல் என்னிடம் ஒப்படைக்கச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏலக்காரர் தம் வாயால் சொல்லவேண்டும் என்ற விதியைத் தாங்கள் தளர்த்தவே வேண்டாம். டிஸ்க்கை வாங்கிக் கொடுங்கள். அவரைத் தங்கள் மேசை முன் கொண்டுவந்து நிறுத்துகிறேன். தம் குரலிலேயே சொல்வார். இரண்டு தளத்துக்கும் கேட்கும்.

இடம்: பதிவு அறை
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
குரல் பதிவு நிலைய உரிமையாளர்