கீழே மூன்று வரி

என் உசுரு மச்சான் லூர்துவுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் மூன்று மாசமும் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எழுதுவது என்று தெரியவில்லை, அதுதான் காரணம். அந்த மூஞ்சி இன்றைக்கும் கிடைத்தபாடில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் வாலிபால் டீம் சீட்டு கொடுத்தாக வேண்டும். உன்னிடம் சொல்லாமல் கொடுக்க மனசு வரவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். மாதா கோயில் காம்பவுண்டு சுவரில் நம்ம இடம் அப்படியே இருக்கிறது. டீக்கடை சேகர் இன்னும் சாயங்காலமானால் பெண்டாட்டியைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு வந்துவிடுகிறான். அவிச்ச மல்லாக்கொட்டையைத் தின்றுவிட்டுத் தோலைக் கிரவுண்டுக்குள்தான் போடுகிறான். நீ இருந்தால் குனிந்து பொறுக்க வைத்திருப்பாய். இப்போது அவனைக் கேட்க ஆள் இல்லை, நானும் கேட்பதில்லை. நெட் கட்டுகிற இரண்டு கம்பமும் நிற்கின்றன. நடுவில் ஆடு மேய்கிறது.

ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை மச்சான். நேற்று சேகர் கேட்கிறான்: "இன்னா சேவியரு, இந்த வருசம் கட்டறமா, அடிக்கிறமா?"

டீமே இல்லை. அதற்கு இவனுக்கு இந்தக் கேள்வி!

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் ஊருக்கு வாலிபால்தான் எல்லாம். ஈஸ்டர் முடிந்து வருகிற சனி, ஞாயிறில் மாதா கோயில் கிரவுண்டில் டோர்னமெண்ட் நடக்கும். ஆடுகிறவன் ஆறு பேர், சுவரில் உட்கார்ந்து நாட்டாமை பண்ணுகிறவன் அறுபது பேர். அந்த அறுபதும் இரண்டு கட்சி. சின்னப் பசங்களை வைத்துப் பொறுமையாக டீம் கட்ட வேண்டும் என்பது கட்டற கட்சி. அதற்குத் தலைவர் என் தங்கச்சி புருஷன் லூர்து. வெளியூர் கெஸ்ட்டை இறக்கியாவது இந்த வருஷமே கப் அடிக்க வேண்டும் என்பது அடிக்கிற கட்சி. அதற்குத் தலைவன் இந்தப் பாவி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய டீமை நீ ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினாய். எல்லாருக்கும் முட்டி போய்விட்டது, தொப்பை வந்துவிட்டது என்றாய். ப்ளஸ் டூ படிக்கிற பசங்களை இறக்கினாய். முதல் வருஷம் முதல் ரவுண்டிலேயே மண்ணைக் கவ்வினோம். இரண்டாம் வருஷமும் அதே கதைதான். நான் சுவரில் நின்றுகொண்டு கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா?

"நீ கட்டிக்கினே இரு மச்சான். கடைசியில என் கல்லறயத்தான் கட்டுவ!"

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாத்து வுட்டு நாலு நாளு ஆவல, அறுவாள எடுத்துக்கினு வந்துட்டான் பாரு" என்று பசங்களிடம் சொல்லிச் சிரித்தாய்.

கல்லறையைக் கட்டினது நான்தான். உனக்கு.

டீம் சீட்டு விஷயத்திலும் நமக்குச் சண்டைதான். கமிட்டி கொடுக்கிற சீட்டில் பன்னிரண்டு வரி. மேலே ஒன்பது வரியில் உள்ளூர் ஆட்கள். கீழே மூன்று வரி கெஸ்ட்டுக்கு. அந்த மூன்று வரியை எல்லா ஊரும் காலியாக விட்டுக் கொடுப்பார்கள். ஃபைனல் வரைக்கும் போனால் அப்போது ஆளைப் பிடித்துப் பேரை எழுதிக்கொள்வார்கள். அதுதான் பழக்கம். நீ மட்டும்தான் அந்த மூன்று வரிக்கும் ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பாய். ஏன்டா இப்படிப் பண்ணுகிறாய் என்று கேட்டால், "வரி காலியா இருந்தா கை அரிக்கும்டா" என்பாய்.

ஐந்தாம் வருஷம் செமி வரைக்கும் போனோம். தோற்றுவிட்டு நீயும் நானும் வீட்டுக்கு நடந்து வருகிறோம். உன் மகன் அருள்தான் டீமுக்கு லிஃப்டர், கேப்டனும் அவன்தான். ஓடி வந்து விழுகிற பந்தை எடுத்து, அடிக்கிறவன் கைக்கு நேராகத் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை. அன்றைக்கு அவன் கொடுத்த பந்தையெல்லாம் பேசிக்கொண்டே வந்த நீ, கைப்பம்பு பக்கத்தில் நின்றாய். "அடுத்த வருசம் அடிக்கிறோம் மச்சான்" என்றாய். உன் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த மார்கழியில் கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கோல் எடுத்துவரப் போனவன், களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அடுத்த வருஷம் அடிக்கிறோம் என்று சொன்னவன் அடுத்த வருஷம் வரை இருக்க வேண்டாமா? எதற்கு அவசரம்?

போன ஈஸ்டருக்கு டோர்னமெண்டை உன் பேரிலேயே நடத்தினோம். லூர்து நினைவுக் கோப்பை. கிரவுண்டு வாசலில் உனக்கு இருபதடி ஃப்ளெக்ஸ். என் மகள் கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் கையை நீட்டினபோது எடுத்த படம். கையை வெட்டிவிட்டார்கள், சிரிப்பு மட்டும் இருந்தது. பசங்களுக்கெல்லாம் உன் முகம் போட்ட பனியன். சீட்டை நான்தான் எழுதினேன். ஒன்பது பேரை எழுதிவிட்டுச் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன். அப்புறம் மூடி வைத்துவிட்டேன். ஒரு பேச்சுக்கு இருக்கட்டுமே, இப்போது என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை செமியில் மேல்மலையனூர் டீமை நேர் செட்டில் அடித்தார்கள் உன் பசங்கள். ஒரு கெஸ்ட் கிடையாது. அருள் பின்பக்கமாகத் தூக்கிக் கொடுத்த ஒரு பந்தைப் பார்த்துச் சேகரே சுவரிலிருந்து இறங்கிவிட்டான். நானும் கத்தினேன், அழுதேன். ஆனால் அடுத்த செமியில் பொம்மையார்பாளையம் ஆடினதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கடலில் வலை இழுத்த கை மச்சான். ஒவ்வொரு அடியும் மண்ணில் குழி பறிக்கிறது. திரும்பி உன் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன் பேர் போட்ட கோப்பையை, உன் கண் முன்னால் இன்னொரு ஊர்க்காரன் தூக்கிக்கொண்டு போவதா? என்னால் தாங்க முடியவில்லை. விழுப்புரத்துக்குப் போன் போட்டுவிட்டேன்.

பந்தடிக்கிற ஸ்பைக்கர் இரண்டு பேர்தான் கேட்டேன், சத்தியமாக. மறுநாள் காலையில் வந்தவர்கள் மூன்று பேர். எங்க லிஃப்டர் தூக்கிக் கொடுத்தால்தான் எங்களுக்கு அடிக்க வரும் என்றார்கள். லிஃப்டர் என்றால் ஆறு பேரில் ஒருவன்தான். நான் அருளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கி ஒரு நாளு குந்துடா. அப்பாவுக்காவ."

"சரி மாமா" என்றான். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூட நான் மனசு மாறியிருப்பேனோ என்னவோ. நீ வாங்கிக் கொடுத்த முட்டி கேப்பைக் கழற்றி, அது இல்லாமல் வந்திருந்த அந்த லிஃப்டர் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். அவனோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் நெஞ்சிலும் நீ.

ஜெயித்தோம். இரண்டே செட். சேகர் சரம் கொளுத்தினான். "அடிக்கிற கட்சி அடிச்சிடுச்சிடா!" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானும் ஆடினேன் மச்சான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கோப்பையைக் கொடுக்க என் தங்கச்சி ஜெயமேரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் அருளைக் காணோம். கம்பத்தில் கட்டியிருந்த நெட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான், வழக்கமாக நீ செய்கிற மாதிரி. கூட்டம் பக்கத்தில் நின்ற விழுப்புரத்துப் பையனை முன்னால் தள்ளிவிட்டது. என் தங்கச்சி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மைக் ஆனில் இருந்தது, ஊருக்கே கேட்டது.

"ஒன் பேரு இன்னாப்பா?"

அவன் சொன்னான். "நல்லா ஆடுன. சாப்ட்டுட்டு போ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

சாயங்காலம் கோப்பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கத்தவில்லை, அவள் கத்துகிறவள் இல்லை என்று உனக்கே தெரியும். "எங்க வூட்டுக்காரு பேரு போட்ட கப்ப, பேரு தெரியாத புள்ள கையில குடுத்தேண்ணா. பேரு தெரிஞ்ச புள்ள நெட்ட சுருட்டிக்கினு நின்னுச்சி. இத நீயே வச்சிக்கோ" என்றாள். கோப்பை இப்போது என் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. அவள் என்னோடு பேசுகிறாள், மீன் குழம்பு வைத்தால் கொடுத்தனுப்புகிறாள். பந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டு வாரத்தில் அருள் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். மற்ற பசங்கள் கிரவுண்டுக்கு வருவது குறைந்தது. ஒருத்தனைப் பிடித்துக் கேட்டேன், ஏன்டா வர்றதில்ல என்று. "எதுக்குண்ணே? ஃபைனலுக்கு எப்பிடியும் ஆளு கூட்டியாந்துடுவீங்க" என்றான்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உன் பசங்கள் நாலு பேர் இப்போது வேறு வேறு ஊருக்குக் கெஸ்ட்டாக ஆடுகிறார்கள். நான் காலியாக விட்ட வரி மாதிரி எல்லா ஊர்ச் சீட்டிலும் மூன்று வரி காலியாகத்தானே இருக்கிறது.

போன மாசம் திண்டிவனத்தில் ஒரு டோர்னமெண்ட். என் கடைக்கு லீவு என்று போய் நின்றேன். பொம்மையார்பாளையம் ஆடுகிறது. லிஃப்டர் அருள். மச்சான், அவன் ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பந்து அவன் விரலில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. வலை இழுத்த அந்தக் கைகளுக்கு நேராகத் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறான். நான் எந்தக் கையைப் பார்த்துப் பயந்தேனோ அதே கைக்கு. கைதட்டி எனக்குக் கை சிவந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கட்டி முடித்துவிட்டாய். அந்தச் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. முடிந்துபோன வீட்டைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை இடித்தேன்.

ஆட்டம் முடிந்து அருள் என்னைப் பார்த்துவிட்டான். நேராக வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன்.

"சாப்டியா மாமா?"

"சாப்ட்டேன்டா."

"அம்மாவ பாத்துக்கோ. வேன் வந்துக்கினு இருக்குது, வர்றேன்."

அவ்வளவுதான். அந்த விழுப்புரத்துப் பையனை என் தங்கச்சி விசாரித்தாளே, அதே மரியாதை. அருள் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நான் இன்னும் அவனுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அன்றிலிருந்து பத்து தரமாவது போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன கேட்பேன்? வந்து ஆடுடா என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? அவன் அப்பாவைச் சொல்லித்தான் அவனை உட்கார வைத்தேன். அதையே சொல்லி எழுந்து வா என்று கூப்பிடுவதா?

இப்போது இந்த வருஷத்துச் சீட்டு என் முன்னால் இருக்கிறது. ஒரு வேலை செய்தேன் மச்சான். உன் வீட்டு அலமாரியில் இருந்த அந்த ஸ்கேலை ஜெயமேரியிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். கீழே மூன்று வரிக்கும் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். மேலே ஒன்பது வரியும் காலியாக இருக்கிறது. எழுத எனக்கு ஒரு பேர் இல்லை.

நேற்று சேகர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆளே இல்லாத சீட்ட எவன்யா வாங்குவான்? உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்குது." கமிட்டியில் வாங்க மாட்டார்கள், எனக்கும் தெரியும். நம்ம ஊர்ப் பேரை அடித்துவிட்டு டோர்னமெண்டை நடத்துவார்கள். உன் பேரில் நடக்கிற கோப்பையில் உன் ஊர் இருக்காது.

அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான், கட்டறமா, அடிக்கிறமா என்று. ஐந்து வருஷம் உன்னோடு மல்லுக்கு நின்ற இந்த வாயால் "கட்டறோம்" என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை. சேகர் சிரிக்கவும் இல்லை.

ஆனாலும் உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நான் உசுரோடு இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் இந்தச் சீட்டை நான்தான் வாங்கிக்கொண்டு வருவேன். அந்த மூன்று வரியில் இனி ஒரு பேர் ஏறாது. மேலே ஒன்பது வரியும் காலியாகவே போனாலும் சரி, கோடு போட்டுத்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
அருள் வேண்டாம் என்றாலும் அவனுக்குத் தாய்மாமன்,
சேவியர்