படலை இல்லை என்று சொன்ன வீடு

புளியங்குளம்
09.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நானும் மகள் மேனுகாவும் சுகம். உங்கள் அப்பாவும் சுகம் என்று எழுதினால் பொய். மாமா கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வருகிறார். வந்த அன்று வாயே திறக்கமாட்டார், மறுநாள் முழுக்க என்னை ஏசுவார். ஏசினால் தெம்பாக இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். உங்களுக்குக் காது கேட்டால் இதையெல்லாம் போனில் சொல்லி முடித்திருப்பேன். சண்டை நேரம் விழுந்த அந்த ஷெல் உங்கள் காதைக் கொண்டுபோனது, எனக்கு எழுத்து வேலை வைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீதிக்குத் தார் ஊற்றிக் காப்பெற் போட்டாயிற்று. வீதி வந்தது, எங்களுக்கு வழி போயிற்று. கரையோடு ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு வடிகான் கட்டியிருக்கிறார்கள். எல்லார் வாசல் படலைக்கும் முன்னால் வடிகானுக்கு மேல் கொங்கிறீற் சிலாப் போட்டுக் கொடுத்தவர்கள், எங்களுக்கு மட்டும் போடவில்லை. குற்றம் என்னுடையதுதான். சிரிக்கக் கூடாது.

போன வருடம் ஒரு வெள்ளை வான் வந்து படலையடியில் நின்றது. நாலு பேர், கையில் கமராவும் கடதாசியும். "அம்மா, இதுவோ உங்கட வாசல்? காணி ஆற்றை பேரிலை? வீட்டிலை எத்தினை பேர்?" முந்தி ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன வெள்ளை வான்கள்தான் எனக்கு நினைவு வந்தன. "இது வாசல் இல்லை ஐயா, இதைப் பாவிக்கிறேல்லை. பின்னாலை வழி இருக்கு" என்று சொல்லிப் படலையைக் கயிற்றால் கட்டிவிட்டு உள்ளே ஓடினேன். பின்னால் எங்கே வழி? வயல்தான். தவளைதான் போய் வரலாம். அவர்கள் வீதி அளக்க வந்தவர்களாம். எங்கள் காணிக்கு நேரே ‘வாசல் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது மாமாவைக் கதிரையில் இருத்தி, அயலட்டையில் நாலு பேரைக் கூப்பிட்டு, பலகைக்கு மேலால் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றுகிறோம். வீதி அலுவலகத்தில் சாருஜன் என்று ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார், நல்ல பிள்ளை. "புது வாசல் கேட்டு விண்ணப்பம் போடுங்கோ அக்கா, காணிப் பெர்மிற் கட்டாயம் வேணும்" என்றார். அது உங்களிடம்தானே இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஜெயரூபி


புதுக்குடியிருப்பு
20.03.2025

அன்புள்ள ரூபி,

கடிதம் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை. வெள்ளை வானில் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் நான் வீடே இல்லை என்றிருப்பேன்.

பெர்மிற் இத்துடன் இருக்கிறது. முள்ளிவாய்க்கால் வரைக்கும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனது, வியர்வை பட்ட இடம் மஞ்சளாகிவிட்டது. தம்பியின் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. அப்பா காணியை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்த அன்று, "என்ரை கையெழுத்தைப் பாரக்கா, மந்திரி போட்ட மாதிரி" என்று துள்ளினான். பத்திரமாக வைத்திரும். அவன் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கும் இப்போது வீதிக் கதைதான். காணாமற்போன எங்கள் பிள்ளைகளின் படங்களோடு நாங்கள் எட்டு வருடமாக இருக்கிற கொட்டகை, வீதியின் எல்லைக்குள் நிற்கிறதாம். அனுமதி எடுத்தீர்களா என்று கடிதம் வந்திருக்கிறது. எங்களோடு இருக்கிற பொன்னையா அண்ணர் எழும்பி, "எங்கட பிள்ளையளைக் கொண்டுபோகேக்கை ஆரிட்டை அனுமதி எடுத்தவை?" என்று கேட்டாராம். எனக்கு எழுதிக் காட்டினார்கள்.

அப்பாவுக்கு உப்பைக் குறைத்துக் கொடும். கேட்டு அடம்பிடிப்பார், கொடுக்காதேயும்.

அன்புள்ள மச்சாள்,
தயாளினி


புளியங்குளம்
02.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பெர்மிற்றில் பெயர் உள்ளவர் கையொப்பம் வைக்க வேண்டுமாம். "அவர் இல்லை தம்பி" என்று சாருஜனிடம் சொன்னேன். "இல்லை எண்டால் மரண அத்தாட்சிப் பத்திரம் வையுங்கோ அக்கா, நீங்கள் மனைவி எண்டு போடலாம்" என்றார். "செத்தவர் எண்டு நான் சொல்லேல்லை, இல்லை எண்டுதான் சொன்னனான்" என்றேன். பாவம், பேனையைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது மச்சாள். உயிரோடு இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். மேனுகாவின் அப்பாவுக்கு அதில் இடமில்லை.

காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள்தான். அதற்கு எழுதிப்போட்டுப் பதினொரு மாதம், ஒரு பதிலும் இல்லை. கிராம சேவகர் ராஜரத்தினம் ஐயா ஒரு வழி சொன்னார். இரத்த உறவு ஒருவர் "இறந்ததைக் கண்டேன்" என்று சத்தியக்கடதாசி கொடுத்தால் மரணப் பதிவு கெதியில் முடிந்துவிடுமாம்.

மாமாவிடம் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "நான் வடிகானுக்கை விழுந்து சாவன். என்ரை பிள்ளையை என்ரை கையாலை சாக்காட்டமாட்டன்" என்றார்.

அவர் சொன்ன வாக்குப் பலித்துவிட்டது. போன புதன்கிழமை பலகை சறுக்கி, கதிரையோடு வடிகானுக்குள் போய்விட்டார். இடுப்பு எலும்பில் வெடிப்பு. தூக்கினால் மாடு மாதிரிக் கத்துகிறார். இனிமேல் கதிரையில் தூக்கவே முடியாது, ஓட்டோ வீட்டு வாசல்வரை வந்தால்தான் உண்டு. உங்களைத் தவிர எனக்கு வேறு ஆளில்லை. கோபிக்காமல் யோசியுங்கள்.

ஜெயரூபி


புதுக்குடியிருப்பு
19.05.2025

ஜெயரூபிக்கு,

நேற்று என்ன நாள் என்று உனக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிவிட்டு வந்து உன் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன்.

வட்டுவாகலில் ஆமி அவனைப் பஸ்ஸில் ஏற்றியதை இந்த இரண்டு கண்ணாலும் கண்டவள் நான். யன்னலால் கையைக் காட்டி, "அக்கா, அப்பாவைப் பார்" என்றான். எனக்கு அப்போதே காது போய்விட்டது, வாயசைவில்தான் விளங்கியது. இதைத்தான் பதினாறு வருடமாக ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எத்தனையோ பேர் பொய் என்றார்கள். இப்போது நானே பொய் என்று எழுதித் தரவேண்டுமா, ஒரு கொங்கிறீற் துண்டுக்காக?

உனக்கு அவன் செத்தவன் என்றால் முதலில் பொட்டை அழி. தாலியைக் கழற்றிக் கொண்டுபோய் அந்த வீதிக் கந்தோர் மேசையில் வை. அதற்குப் பிறகு எனக்கு எழுது.

தயாளினி


புளியங்குளம்
30.06.2025

மச்சாள்,

பொட்டு நெற்றியில்தான் இருக்கிறது. தாலியும் கழுத்தில்தான். அவர் பஸ்ஸில் கையைக் காட்டியதை நான் காணவில்லை, நீங்கள் கண்டது உங்கள் பாக்கியம். எனக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு வயதுப் பிள்ளையோடு நான் முன்னாலேயே வந்துவிட்டேன். கடதாசியில் அவர் என்னவாகவும் இருக்கட்டும், எனக்கு அவர் இருக்கிறார். உங்களுக்கு மட்டுமா அவர்?

நாலு பேர் சாக்குக்கட்டிலில் மாமாவைத் தூக்கி வடிகானைக் கடக்கிறார்கள். போன கிழமை மழை. ஒருவரும் வரவில்லை, ஆஸ்பத்திரி நாள் தவறிவிட்டது. இரண்டாம் நாள் முகம் வீங்கி, மேனுகாவைப் பார்த்து "நீர் ஆர் பிள்ளை?" என்று கேட்டார். அவள் குசினிக்குள் போய் அழுதாள்.

"அப்பாவைப் பார்" என்று அவர் உங்களிடம்தான் சொன்னாராம். நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயரூபி


புதுக்குடியிருப்பு
14.07.2025

ரூபி,

நீர் கேட்டது இத்துடன் இருக்கிறது. சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்டிருக்கிறேன்.

செத்தான் என்று எழுதினால் போதும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போதாதாம். எந்த நாள், எந்த இடம், எப்படி, உடலைக் கண்டீரா, என்ன உடுத்திருந்தார். எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. பங்கருக்குப் பக்கத்துப் பனையடி என்றேன். ஷெல் என்றேன். நெஞ்சில் காயம் என்றேன். என்ன உடுத்திருந்தார் என்று திரும்பவும் எழுதிக் காட்டினார்கள். கடைசியில் அவன் பஸ்ஸில் ஏறும்போது உடுத்திருந்த பச்சைக் கோடு போட்ட சேட்டு என்றே சொன்னேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

நாளையிலிருந்து நான் கொட்டகைக்குப் போகமாட்டேன். எந்த முகத்தோடு அந்தத் தாய்மாருக்கு நடுவில் போய் இருப்பது? அவன் படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இது தெரியக் கூடாது. அது ஒன்றைமட்டும் எனக்காகச் செய்யும்.

தயாளினி


புளியங்குளம்
05.11.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இதைப் பக்கத்துக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருவார்.

அனுமதி வந்தது. போன கிழமை சிலாப்பும் போட்டார்கள். ஓட்டோ முற்றம்வரை வருகிறது. மாமாவுக்கும் சந்தோசம், "இனி நான் ராசா" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மேனுகா மேசையில் இருந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து, தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று சத்தமாக வாசித்தாள். ‘காலஞ்சென்ற நடராசா பிரதாபனின் மனைவி’ என்று தொடங்குகிறது. அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை மச்சாள்.

மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "ஆர் கண்டதாம்?" நான் கடிதத்தை வாங்கி மடித்தேன். "தயாளினியோ?" என்றார். நான் தலையை ஆட்டியிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை ஓட்டோ வந்தது. தூக்கி ஏற்ற விட்டவர், படலையடியில் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேலாலை நான் போகன். என்ரை பிள்ளைக்கு மேலாலை என்னைக் கொண்டுபோகாதை" என்றார். விரலைக் கழற்றப் பார்த்தேன், கடித்தார். பக்கத்தில் பலகை போடுகிறேன் என்று கெஞ்சினேன், அதற்கும் மாட்டேன் என்றார். இன்றைக்கும் போகவில்லை. கால் இரண்டும் மினுமினுவென்று வீங்கிவிட்டன. மூச்சு இழுக்கிறது. நாளைக்கும் தவறினால் தாங்கமாட்டார் என்று டொக்டர் போனில் சொல்லிவிட்டார்.

அது பொய், கடதாசிக்காக எழுதியது என்று நூறு தரம் சொல்லிவிட்டேன். "நீ மேனுகாவுக்காகச் சொல்லுவாய். கண்டவள் வந்து சொல்லட்டும்" என்கிறார். நாளைக் காலமை முதல் பஸ்ஸில் வாருங்கள். வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருதரம் சொல்லுங்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார்.

ரூபி


புதுக்குடியிருப்பு
06.11.2025, காலை

ரூபி,

ஐந்தரைக்கே வந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறேன். முதல் பஸ் போய்விட்டது, ஏறவில்லை. இரண்டாவதும் போய்விட்டது. அடுத்த பஸ் கொண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மேனுகாவைச் சந்தியில் நின்று வாங்கச் சொல்லி உமக்குப் போன் எடுக்கும்படி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடதாசியை எழுதியதிலிருந்து கண்ணை மூடினால் பனையடிதான் தெரிகிறது. பச்சைக் கோடு போட்ட சேட்டில் இரத்தம் தெரிகிறது. வாயில் மணல் இருக்கிறது, நான் துடைக்கிறேன். பஸ்ஸைத் தேடுகிறேன், யன்னலைத் தேடுகிறேன், அவன் கை தெரியவில்லை. நானாகக் கட்டிச் சொன்னது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? அப்பா என்னைச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது பிடித்துவிடுவார். உண்மையைச் சொல்லப் போய் முகத்தில் பொய் தெரிந்தால், அவரை நானே கொன்றதாகிவிடும்.

அதனால் இன்னொரு கடதாசி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ‘நடராசா தயாளினி ஆகிய நான், என் தம்பி பிரதாபன் வட்டுவாகலில் பஸ்ஸில் உயிரோடு ஏறியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.’ அப்பாவுக்கு அதை உடனே வாசித்துக் காட்டும். கையெழுத்தையும் காட்டும், அவருக்கு என் கையெழுத்துத் தெரியும்.

இரண்டிலும் ஒரே கையெழுத்துத்தானே, எதை நம்புவது என்று அவர் கேட்டால் எனக்கு எழுதாதேயும். எனக்குத் தெரியாது.

தயாளினி