'வெள்ளைத் தூள்' என்று ரசீதில் எழுதப்பட்ட பாட்டிலைத் திரும்ப வேண்டி

அனுப்புநர்
ஹா. சுஹா, த/பெ. ஹாஜா முகைதீன்,
வேதியியல் ஆய்வு மாணவி, பாம்பன்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: சோதனைச் சாவடியில் உள்ள சிலிக்கான் வேதிப்பொருளை விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம் குறித்து முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். அதற்காக வரவழைத்த டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலைல் குளோரைடு என்னும் சிலிக்கான் வேதிப்பொருள், கல்லூரி விடுமுறையானதால் கூரியரில் என் வீட்டு முகவரிக்கு வந்துகொண்டிருந்தது. வழியில் சோதனைச் சாவடியில் பார்சலைப் பிரித்துப் பார்த்து, என்னை அழைத்தார்கள்.

2. தலைமைக் காவலர் திரு. பூமிநாதன் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தே விசாரித்தார். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எண் எழுதிய இடத்தை டேப் ஒட்டி மறைத்து, வேலை முடிந்ததும் உரித்துவிடுகிறோம் அல்லவா, அதுபோல மூலக்கூறின் ஒரு பகுதியை இது மூடிக் காக்கும் என்று விளக்கினேன். "புரியுதும்மா. ஆனா இம்புட்டு நீளப் பேர எழுத ரசீதுல இடமில்ல" என்றவர், பாட்டிலைப் பரிசோதனைக்காக வைத்துக்கொண்டு, 'வெள்ளைத் தூள், ஒரு பாட்டில்' என்று எழுதிக் கொடுத்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

3. ரசீதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டனர். மறுநாள் மீன் வாங்கப் போன என் தாயாரிடம், "புள்ளைய ஜாமீன்ல விட்டுட்டாங்களா?" என்று பரிவுடன் விசாரித்திருக்கிறார்கள். துபாயிலிருந்து தம்பி அஃப்ரித் அழைத்து, "லாத்தா, நீ எதையும் ஒத்துக்காத. வக்கீலுக்குச் சொல்லிட்டேன்" என்றான். எத்தனை சொல்லியும் அவன் நம்பவில்லை.

4. பொருள் போதைப்பொருள் அல்ல என்று பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. தங்கள் உத்தரவு மட்டுமே பாக்கி. பாதி முடிந்த என் சேர்மம் கல்லூரிக் குளிர்பெட்டியில் காத்திருக்கிறது. கெட்டுப்போனால் ஓராண்டு உழைப்பு போய்விடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டாலே இப்பொருள் வீணாகிப் புகை கிளம்பும் என்பதால், பாட்டிலை இனி யாரும் திறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

5. என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், செய்தி கேட்டு, "பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டனர். அவர்களிடம் காட்டுவதற்குத் தங்கள் கையொப்பத்துடன் ஒரு சான்று வாங்கி வருமாறு என் தாயார் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், அதையும் இதன்மூலம் கோருகிறேன்.

ஆகவே, பாட்டிலை இந்த வாரமே கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சான்றுக்கு அவசரமில்லை. ஆய்வேட்டை நான் சமர்ப்பித்த பின் வந்தாலும், எனக்கு மகிழ்ச்சியே.

இடம்: பாம்பன்
நாள்: 10.02.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஹா. சுஹா