இருபத்துமூன்றாவது ஆள்

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் உனக்கும் உன் மனைவிக்கும் நல்ல சுகம் தரட்டும். நீ ஆமென் சொல்லமாட்டாய், நானே சொல்லிக்கொள்கிறேன். உன் போன் மணி அடித்து அடித்து ஓய்கிறது, அதனால்தான் கடிதம்.

ஏப்ரல் பத்தோடு பாட்டி போய் ஒரு வருடம். நினைவு ஆராதனையில் வாசிக்க, பாட்டியின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் போதகர். இருபத்தாறு வயதில் தாலியறுத்து, ஆஸ்பத்திரித் துணி வெளுத்து, மூன்று பிள்ளைகளையும் நம் இருவரையும் ஆளாக்கியவள் ஒரு பக்கத்தில் அடங்குவாளா? கால் இடறினாலும் ஸ்தோத்திரம், பால் திரிந்தாலும் ஸ்தோத்திரம். கரண்ட் போனால் மட்டும் ஆண்டவரையே அதட்டுவாள்.

எழுத ஏதாவது கிடைக்குமா என்று அவள் அறையைத் திறந்தேன். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாளே, அந்த ஜெப நோட்டு கிடைத்தது. நாற்பத்தோரு பேர். விடியற்காலை ஐந்து மணிக்கு முட்டி போட்டு ஒவ்வொருவராகச் சொல்லி, ஆளுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறாள். நீ இருபத்துமூன்றாவது. ஆராதனைக்கு வாடா. பாட்டிக்கு ஆசையாக இருக்கும்.

உன் அக்கா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நலம். லிஃப்ட் கம்பெனியில் என்னை மூத்த மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள். அதனால் இப்போது எல்லாரும் மாட்டிக்கொண்ட பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மழுப்பாதே. நான் சர்ச்சுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்ட அன்று பாட்டி வாசலில் நின்று என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "இன்னைக்கே உன் பேருக்குச் சிலுவை போட்டுடறேன்" என்றாள். செத்தவர்களுக்குத்தான் நோட்டில் சிலுவை என்று அவளே சொல்வாளே, நம் வீட்டில் யாருக்குத் தெரியாது?

போட்டாளா, இல்லையா? போடவில்லை என்றால் வருகிறேன். போட்டிருந்தால், செத்தவனை எதற்குக் கூப்பிடுகிறாய்?

சின்னவன்

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. சிலுவை இருக்கிறது. உன் கல்யாணத் தேதியும் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் மீதியையும் கேள். நாம் யாராவது தாத்தாவுக்காக ஜெபித்தால் அவள் என்ன சொல்வாள்? "செத்தவங்க ஆண்டவர் கையில பத்திரமா இருக்காங்க. உசுரோட இருக்கறதுங்கதான் எனக்குக் கவலை." சிலுவை விழுந்த பேருக்கு அவள் ஒருநாளும் கோடு போட்டதில்லை. உனக்கு மட்டும் சிலுவைக்கு அப்புறமும் கோடு போட்டிருக்கிறாள், ஆறு வருடம், ஒரு நாள் தப்பாமல். ஞாயிற்றுக்கிழமைக் கோடு மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். தையல் ஊசி முனையை வைத்து எண்ணிப் பார்த்தேன்.

எண்ணியபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மற்ற எல்லாருக்கும் கோடு போன ஏப்ரல் ஒன்பதோடு நிற்கிறது. உனக்கு நிற்கவில்லை. நேற்று வரை இருந்தது. ராத்திரி நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு இன்று காலை திறந்தேன், ஒன்று கூடியிருக்கிறது. மை காயவில்லை. சாவி என் கழுத்தில்தான் கிடக்கிறது.

பயமாக இருக்கிறதுடா.

உன் அக்கா

பிப்ரவரி 28

அக்காவுக்கு,

காரணமில்லாத பழுது என்று ஒன்று கிடையாது. லிஃப்ட் தானாக ஏறுகிறது, பேய் என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பட்டன் சிக்கியிருக்கும்.

உன் வீட்டில் சிக்கியிருக்கிற பட்டன் நீதான். தையல்காரி நீ, நாள் முழுக்கத் துணியில் கோடு போடுகிற கை உன்னுடையது. என்னை வரவழைக்க இப்படி ஒரு வேலையா? சிலுவையைக் கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை. கோடு போடுவதை நிறுத்து. நான் வரவில்லை.

சின்னவன்

மார்ச் 15

தம்பி,

நான் போடவில்லை. வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். பழி போட்டுக்கொள், திட்டு, பரவாயில்லை.

கோடு நின்றுவிட்டது. பன்னிரண்டாம் தேதியோடு. பதின்மூன்று இல்லை, பதினான்கு இல்லை, இன்றும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் அவள் கோடு போடுவாள்.

போனை எடுடா. ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். அழாதே. போனில் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி விடியற்காலை என் மனைவி என்னை உலுக்கினாள். "யாரைங்க கூப்பிட்டுட்டு இருக்கீங்க?" நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டிருந்தேன். மணி ஐந்து. அன்றிலிருந்து தினமும் இதே கதை. என்னால் எழாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் நான் சொல்லும் பேர்களை அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். நீ நோட்டோடு ஒத்துப்பார்: முதலில் குதிகால்வலிக்காரி. பிறகு மருந்துக்கடைத் தாத்தா. பிறகு இரட்டைப்பின்னல் டீச்சர், அவள் கோபக்காரப் புருஷன், ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் ஊமை. இவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. கண்ணால் பார்க்காத அந்த நோட்டு என் வாயில் எப்படி வந்தது? ஒயர் ஒயராகத் தேடிவிட்டேன், பட்டன் எதுவும் சிக்கவில்லை. உன்மேல் பழி போட்டதற்கு மன்னித்துவிடு.

ஒருநாள் வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு படுத்தேன். யாரோ ஒரு தாத்தா மருந்தில்லாமல் தவிப்பது போல நெஞ்சு அடைத்தது. எழுந்து சொல்லிவிட்டேன். ஒருவர் விடாமல் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இத்தனை பேரையும் பாட்டி எப்படித்தான் சுமந்தாளோ. அழுதேன் அக்கா, ஆறு வருடத்தில் முதல்முறையாக.

தாளில் நாற்பது பேர்தான். இருபத்திரண்டு முடிந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்தவர். அந்தக் காலி இடம் நான்தான் என்று உன் முதல் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது புரிந்தது. என் பேரை நானே சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி நாங்கள் இருவரும் வருகிறோம். அதுவரை ஒரு உதவி. காலை ஐந்து மணிக்கு என் பேரை நீ சொல்லு. சிலுவை இருந்தால் இருக்கட்டும். நீ சொல்லி முடிக்கும்வரை இங்கே முட்டி போட்டுக் காத்துக்கொண்டிருப்பேன்.

உன் தம்பி