ஒரு கதவு மட்டும் பச்சை

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்றாவது பூச்சும் காய்ந்துவிட்டது. அடியில் வெள்ளி, மேலே கண்ணாடி மாதிரிச் சிவப்பு. ஒரு சாண் பிளாஸ்டிக் கார், கொட்டகை விளக்கையே திருப்பி என் முகத்தில் அடிக்கிறது! அறுபத்துமூன்றாம் வருஷத்து இம்பாலா. பெனிதா இருபது வயதில் எங்கள் ஊர் எஸ்பன்யோலா கடைத்தெருவில் ஓட்டியது இதே மாடல்தான்.

போன வருஷம் அவளிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "ரெண்டு பிள்ளைங்களைத் தனியாவே ஆளாக்கிட்டேன்யா. இப்ப எதுக்கு?" என்றாள். இல்லை என்று சொல்லவில்லையே. அவள் பிறந்தநாளுக்கு இதைக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்கப்போகிறேன்.

பிப்ரவரி 6

டெல்ஃபினோ வந்து பார்த்தான். மாடல் கார் சங்கத்தில் என் பக்கத்து மேசைக்காரன். "மச்சான், இதை ஈஸ்டர் போட்டியில வைடா. கோப்பை உனக்குத்தான்." எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

பிப்ரவரி 12

போச்சு.

பெனிதா பிறந்தநாள் பெட்டியைத் திறந்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அடேங்கப்பா, அழகா இருக்கே! யாரு காரு?"

"உன்னுதுதான்."

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "என் காரு பெயிண்டையே பார்த்ததில்லய்யா. வெறும் அடிப்பூச்சுதான், சாம்பல் கலர் பிரைமர். டிரைவர் பக்கக் கதவு நசுங்கினப்போ, காயலான் கடையில ஒரு பச்சைக் கதவு வாங்கி நானே மாட்டினேன். ஊரே கிண்டல் பண்ணுச்சு. அஞ்சு வருஷம் அப்படியேதான் ஓட்டினேன். நீ கட்டிக்க நினைக்கிறது இந்தச் சிவப்புக்காரியை. அவ நான் இல்லை."

கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன். மேசையில் மிளகாய்க் குழம்பு ஆறிக் கிடந்தது.

பிப்ரவரி 13

ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கக் கூடாதா? மரமண்டை!

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காரைப் பிரேக் ஆயிலில் முக்கிவிட்டேன். சிவப்பு தோல் தோலாக உரிந்து வந்தது. இரண்டு மாச வேலை போச்சு. "பைத்தியமாடா உனக்கு?" என்று டெல்ஃபினோ கத்தினான். போடா என்றேன்.

பெனிதாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் கதவு என்ன பச்சை?"

"சுட்டு உரிச்ச மிளகாய் இருக்கே, அந்தப் பச்சை" என்றாள். கூடவே, "சீட்டைத் தொடாதே. அதை நான் தைக்கிறேன்."

கார் சீட் தைத்தே பிள்ளைகளை வளர்த்தவள். நான் எப்படித் தொடுவேன்?

மார்ச் 1

கொட்டகைக்கே வந்துவிட்டாள். பழைய கையுறையின் தோலை வெட்டி, விரல் நகமளவு சீட்டில் வரிவரியாகத் தையல் போட்டாள். எங்கள் ஊர்ப் பாணியில் காரைத் தரையோடு தாழ்த்தியிருந்தேன். "மேல தூக்குய்யா. வயித்துல பிள்ளையோட ஓட்டின காரு, இடிக்கக் கூடாது." தூக்கினேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு பிடிக்கிறது எனக்கு இவளை!

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கோப்பை இல்லை. சாம்பல் காரையும் அதன் ஒற்றைப் பச்சைக் கதவையும் நடுவர் குனிந்து பார்த்து, "பெயிண்ட் எப்போ அடிப்பீங்க?" என்றார். "அடிச்சாச்சு" என்று பெனிதா முறைத்த முறைப்பில் மனிதர் அடுத்த மேசைக்கே போய்விட்டார்.

ஏப்ரல் 18

அவளுடைய தையல் மெஷின் என் கொட்டகை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டது. தூக்கினது நானும் டெல்ஃபினோவும். இடுப்பு போச்சு. எங்கள் கல்யாணத்துக்குப் பாதிரியார் ஜூனில் தேதி கொடுத்திருக்கிறார். அதற்குள் சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். டப்பா வாங்கக் கிளம்பியவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என்ன கலர் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போனேன்.