எனக்கு லோ போ வேண்டாம் என்று சொன்னவளுக்கு

இன்று காலை பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் உன் குரல் வந்தது. உன்னைக் கொண்டுபோய் மண்ணில் வைத்து ஏழு மாதம் ஆகிறது. மெல்பர்ன் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நம் டீமின் பழைய கேப்டன், நம் இரண்டு பேருக்கும் ஹாக்கி ஸ்டிக் வாங்கி அனுப்பினாரே, அவர்தான். "போன் மாத்துறப்ப இது கெடச்சிச்சு தங்கச்சி. ஒன்னப் பத்தித்தான் பேசுறா. பத்திரமா வச்சுக்க" என்று எழுதி, கீழே ஒரு வாய்ஸ் நோட். பத்தொன்பது விநாடி.

போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். முதலில் உன் இருமல். பின்னால் யார் வீட்டு நாயோ குரைத்தது. பிறகு நீ.

"அக்கா, அவ எழுதுன லிஸ்ட் ஒன்னு அனுப்புனேன்ல, அதுல லோ போன்னு போட்ருக்கா. அது வேணாங்கா. ரெண்டுமே மிட் போவா அனுப்புங்க. அவளுக்கு கை இன்னும் அதுக்கு வரல. அவகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்."

ஆறு தடவை கேட்டேன். நீ பேசுகிறாய் என்ற சந்தோஷத்திலேயே முதல் தடவை முடிந்துவிட்டது. இரண்டாவது தடவைதான் நீ என்ன பேசுகிறாய் என்பது புரிந்தது. கண்டக்டர் டிக்கெட் காசுக்குக் கை நீட்டியபடி நிற்க, நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த லிஸ்டுக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். மூன்று மாதம். டேட்டா தீரத் தீர வீடியோ பார்த்தேன். ஹாலந்துக்காரிகள், அர்ஜென்டினாக்காரிகள், எவள் எந்த ஸ்டிக், தண்டு எந்த இடத்தில் வளைகிறது, கார்பன் எவ்வளவு, எல்லாம் மனப்பாடம். வளைவின் ஆழம் அடியில், பந்தைத் தொடும் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் லோ போ, நடுத்தண்டில் இருந்தால் மிட் போ. லோ போவில் பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி நொடியில் கவண்கல் மாதிரி கிளம்பும். பெனால்டி கோர்னரில் பந்தை அப்படி இழுத்து எறிகிறவளுக்கு அதுதான் ஸ்டிக். நம் டீமில் எறிகிறவள் நான். எனக்குப் பந்தை நிறுத்தித் தருகிறவள் நீ.

தேயிலை பேக்டரியில் வாங்கி வந்த பிரவுன் பேப்பரில் முழு நீளத்துக்கு ஸ்டிக் வரைந்து, உன் வீட்டு வாசலில் விரித்தேன். வளைவு இருபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் அம்பயர் வெளியே போடச் சொல்வார் என்று தைலப் போத்தல் மூடியை வைத்து அளந்து காட்டினேன். நீ அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே பார்த்தாய்.

"எங்க அக்காவுக்கு மாப்பிள்ள கூட இப்பிடிப் பாக்கலடி" என்றாய்.

"சும்மா இரு. ஒனக்கு மிட் போ, கார்பன் கொறச்சு. பந்த நிறுத்துறவளுக்கு தண்டு வெறைப்பா இருந்தா பந்து துள்ளிப் போயிரும். எனக்கு லோ போ, கார்பன் தொண்ணூறு."

"சரிங்க புரொபசரம்மா. நானே அக்காவுக்கு அனுப்பிடுறேன்."

உன் போனில் ரீலோட் காசு இருந்தது, என் போனில் இல்லை. நீ அனுப்பியதற்கு வேறு காரணம் இல்லை என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

ஸ்டிக் வந்த அன்று உறையைக் கிழித்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே இடத்தில் வளைவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ என் தோளில் கையைப் போட்டு, "லோ போ ஸ்டாக் இல்லயாம்டி, அக்கா சொன்னாங்க. விடு, நீ எதுல எறிஞ்சாலும் உள்ளதான்" என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! இருமல்கூட வரவில்லை.

அந்த ஸ்டிக்கோடுதான் ஊவா மாகாண டீமுக்கு ஆள் எடுக்கும் அன்று பதுளை மைதானத்தில் நின்றோம். நாலு கோர்னர். நாலு தடவையும் நீ பந்தை ஆணி அடித்த மாதிரி நிறுத்தினாய். நாலு தடவையும் நான் எறிந்தது தரையோடு உருண்டு போனது, கோல்கீப்பர் காலாலேயே தட்டிவிட்டாள். உன் பெயரை வாசித்தார்கள். என் பெயரை வாசிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான், "ஸ்டிக்தான்டி சரியில்ல. லோ போ மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆமாடி, ஸ்டிக்தான் சரியில்ல" என்றாய்.

அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. லிஸ்டை மாற்றியதைக்கூட விட்டுவிடலாம். நீ ஆமாம் சொன்னதை நம்பி, ஒரு வருஷமாக நான் அதையே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். கோச்சிடம் சொன்னேன். ஊவா டீமில் இருந்து வந்த பிள்ளைகளிடம் சொன்னேன். ஆன்லைனில் முகம் தெரியாதவர்களிடம்கூட, தப்பான ஸ்டிக்கால் வாய்ப்பு போன கதையைப் பத்தி பத்தியாக எழுதினேன். நீ அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறாய். இன்று போய்ப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது.

நீ சொன்னது தப்பு என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நான் வீடியோவில் பார்த்ததெல்லாம் தண்ணீர் தெளித்த செயற்கைப் புல் டர்ஃப். நாம் ஆடியது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துச் சரளை மண். என் எறிதலை மட்டை நுனிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று ஆயிரம் தடவை பார்த்தவள் நீ ஒருத்திதான். கோச்சுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அப்படித் தெரிந்ததை மெல்பர்னுக்குச் சொல்ல முடிந்தது. இரண்டு லயம் தள்ளிக் குடியிருந்த எனக்குச் சொல்ல முடியவில்லை. சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு மணிக்கட்டுக்கு என்ன செய்யலாம் என்று வீடியோ தேடியிருப்பேன். அந்த ஒரு வருஷம் எனக்குக் கிடைத்திருக்கும்.

எல்லயில் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போனாய். இரண்டாவது மாதம் டெங்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோதும் நீ என்னிடம் கேட்டது, "புது ஸ்டிக் வாங்குனியா?" என்பதுதான்.

அக்கா இந்தத் தடவையும் இரண்டு ஸ்டிக் அனுப்புகிறாராம். ஒன்று எனக்கு, ஒன்று பர்ஹானாவுக்கு. லிஸ்டை நான் அனுப்ப வேண்டும். பர்ஹானாவை உனக்கு ஞாபகம் இருக்கும், பஜார் துணிக்கடைக்காரர் மகள், முன்வரிசையில் ஓடுகிறவள். இன்று பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு லோ போ எழுது, சரியா? இனி கோர்னர நான்தான் எறியப் போறேன். நேத்து அடிச்சது பார்த்தாய்தானே?"

பார்த்தேன். பந்து அவள் மட்டையை விட்டு முழம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, "சூப்பர்டி" என்று. பிறகு அக்காவுக்கு மிட் போ என்று எழுதிவிட்டால் முடிந்தது. எவ்வளவு லேசான வேலை அது. அன்று உனக்கும் அது எவ்வளவு லேசாக வந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒனக்கு இப்ப லோ போ சரிவராது பர்ஹானா. பந்து ஒன் மட்டைல ஒட்டவே இல்ல" என்றேன்.

அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு முகம் சுருங்கியது.

"நீ எறிஞ்சு கிழிச்சிட்டாய்தானே? அன்டைக்கு நாலும் உருண்டு போனத நானும் பார்த்தேன். மூஞ்சிக்கு நேரா இப்பிடிச் செல்றாய், நீயெல்லாம் ஒரு கூட்டாளியா?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். வா, சனிக்கிழமை சனிக்கிழமை நான் ஒனக்கு நிறுத்தித் தாறேன்."

அவள் ஒற்றைக் காலில் ஷூவோடு நடந்து போய்விட்டாள். இதுவரை நாலு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், எல்லாம் திட்டுத்தான். வாசித்தேன். பதில் எழுதினேன். அவள் திரும்பவும் திட்டினாள்.

அக்காவுக்கு அனுப்பும் லிஸ்டில் அவள் பெயருக்கு நேரே அவளே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். என் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான், நீயும் சொல்லவில்லை.

பர்ஹானாவுக்குக் கோபம் வந்தால் கொட்ட நான் இருக்கிறேன். என்னுடையதை நான் எங்கேயடி கொண்டுபோய்க் கொட்டுவது?