புருவத்துக்கு நடுவில் போட்ட ஊசி

ஏங்க,

மீன் குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது. சோறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பாகூரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன்.

உங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் உங்களைக் காட்டி என்னிடம், “அக்கா, உங்க தம்பி பக்கத்துல நில்லுங்க” என்றபோது நீங்கள் சிரித்தீர்கள். அதனால்தான் தோல் டாக்டரிடம் போனேன். கன்னத்துக்கு ஜெல், முகத்துக்கு லேசர், நெற்றிக்கு ஊசி, இதில் எது வேண்டும் என்று கேட்டார். புருவத்துக்கு நடுவில் விழும் கோட்டுக்கு ஊசியே போதும் என்றேன். இப்போது முறைத்தாலும் கோடு விழுவதில்லை.

நேற்று என் முகத்தைப் பார்த்து, “இன்னா சித்ரா, கோவம் போயிடுச்சா?” என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனீர்கள்.

கோபம் போகவில்லை. முகத்தில் தெரியாததால் எழுதி வைக்கிறேன்.

ஜெயசித்ரா

பி.கு.: ஊசி நாலு மாதம்தான் தாங்குமாம். கோபம் எத்தனை நாள் என்பது உங்கள் கையில்.